கடைசி வரிசையில் போய் உட்காருங்கள், டீச்சர்

கேள்வி: அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது காரைக்குடியில் ஓர் அறக்கட்டளையின் மாலை நேரப் பயிற்சி மையத்தைக் கவனித்துக்கொள்கிறேன். டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருள், எக்செல், அடிப்படைக் கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு வகுப்புகள் நடக்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரர்களும் உண்டு. புதுவயல் ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவர், ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர், வீட்டில் பலகாரம் போட்டு விற்கும் பெண்கள், ஜவுளிக்கடை ஊழியர்கள். பயிற்றுநர்கள் ஐந்து பேரும் இருபத்தைந்து வயதுக்குள், பாடத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒவ்வொரு பேட்சிலும் முதல் மாதம் முடிவதற்குள் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். பயிற்றுநர்களைக் கேட்டால், "பெரியவங்களுக்கு ஏற மாட்டேங்குது மேடம்" என்கிறார்கள். வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்து ஒரு நாள் பயிற்சி முகாம் நடத்தினேன், ஒன்றும் மாறவில்லை. வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக் குறைகளைச் சொன்னேன். ஒரு பெண் அழுதுவிட்டாள், ஒரு பையன் வேலையை விடுகிறேன் என்கிறான். இவர்களுக்கு நான் எப்படி வழிகாட்டுவது?

பதில்:

டீச்சர், உங்கள் கடிதத்தில் பயிற்றுநர்களைப் பற்றி நிறைய இருக்கிறது. நின்றுபோனவர்களைப் பற்றி ஒரு வரிதான். யார் நின்றார்கள், எந்தப் பாடத்துக்கு அப்புறம் நின்றார்கள், அன்றைக்கு அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியவில்லை, பயிற்றுநர்களுக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூட ஆய்வில் நமக்குப் பழகிப்போன முறை அப்படி. பின்னால் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்ப்போம். குரல், கரும்பலகை, பாடக்குறிப்பு என்று எல்லாவற்றுக்கும் எழுதி வைப்போம். திணறுவது மாணவர், நாம் பார்ப்பது ஆசிரியரை. இதை மாற்றிக்கொண்டால் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி தீரும் என்று நம்புகிறேன்.

அடுத்த வாரம் டேலி வகுப்புக்குப் போங்கள். நோட்டு வேண்டாம். கடைசி வரிசையில் அந்த ரைஸ் மில் கணக்கருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். முன்பே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள்: "தம்பி, நான் உங்களைப் பார்க்க வரலை. அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து அவர் என்ன செய்யிறார்னு மட்டும் பார்க்கப் போறேன்." அந்தக் கணக்கரிடமும் அனுமதி கேளுங்கள். வயதில் பெரியவர், கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால் கை நடுங்கும்.

நீங்கள் எதைப் பார்ப்பீர்கள் என்று ஓரளவு சொல்ல முடியும். இப்படிப்பட்ட வகுப்புகளில் உட்காருவதுதான் என் தொழில். பயிற்றுநர் புரொஜெக்டரில் ஒரு பேமென்ட் வவுச்சர், அதாவது பணம் கொடுத்ததற்கான பதிவு, போட்டுக் காட்டுவார். "எஃப் ஃபைவ் அழுத்துங்க" என்பார். மில் கணக்கர் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகக் கீபோர்டைப் பார்த்து அந்தப் பொத்தானைத் தேடுவார். கண்டுபிடித்து அழுத்திவிட்டுத் தலையைத் தூக்கும்போது சுவரில் வேறு திரை ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து ஆளின் கம்ப்யூட்டரை எட்டிப் பார்ப்பார். ஒரு தடவை மறுபடியும் முயல்வார். அப்புறம் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அந்த நேரம் பார்த்து "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்ற கேள்வி வரும். அவரும் தலையாட்டுவார்.

கை மடிக்குப் போன இடம் இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் பயிற்றுநரிடம் கொண்டுபோக வேண்டும். வேறு எதையும் கொண்டுபோகாதீர்கள். வகுப்பு முடிந்ததும், மற்றவர்கள் போன பிறகு, ஒரு டீயோடு உட்கார்ந்து, நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லுங்கள்: "எஃப் ஃபைவ் தேடுறதுக்கு அவருக்கு நேரமாச்சு தம்பி. நிமிர்ந்து பார்க்கும்போது நீங்க லெட்ஜருக்குப் போயிட்டீங்க. ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டுக் கையை எடுத்துட்டார். உங்களுக்கு என்ன தோணுது?" வேகம் அதிகம், பொறுமை இல்லை, பெரியவர்களை மதிப்பதில்லை போன்ற தீர்ப்புச் சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரும்பாலான இளைஞர்கள் அவர்களாகவே, "அய்யோ, நான் கவனிக்கலையே மேடம்" என்பார்கள். அடுத்த வகுப்பில் என்ன மாற்றலாம் என்பதையும் அவர்களே சொல்வார்கள். நீங்கள் நினைத்ததைவிட நல்ல யோசனையாகவும் அது இருக்கும்.

பயிற்சி முகாம் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1980களில் இதைத்தான் ஆராய்ந்தார்கள்: ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி வகுப்பறை வரைக்கும் போகிறதா? விளக்கமும் செயல்விளக்கமும் மட்டும் தந்தால் வகுப்பறைக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு. முகாமுக்குப் பிறகு வகுப்பிலேயே தொடர்ந்து ஒருவர் கூட இருந்தால்தான் புதிய முறை கைக்கு வரும் என்று கண்டார்கள். பிற்பாடு, 1990களில், இன்னொன்றும் சொன்னார்கள். சக ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கும்போது கருத்துச் சொல்வதையே தங்கள் முறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கருத்துச் சொல்ல ஆரம்பித்தால் மேலதிகாரி மதிப்பிடுகிற மாதிரி ஆகி, சேர்ந்து வேலை செய்வது குலைந்துபோனதாம். அவர்கள் முறையில் பாடம் நடத்துகிறவர்தான் வழிகாட்டி. உட்கார்ந்து பார்க்கிறவர் கற்றுக்கொள்கிறவர்.

உங்கள் மையத்தில் அழுத பெண்ணின் விஷயத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன குறைகள் எல்லாமே சரியாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு தலைமை ஆசிரியை நோட்டைத் திறந்து வரிசையாகப் படிக்கும்போது இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குக் காது அடைத்துப்போகும். அவளும் வயதுவந்த மாணவிதான் டீச்சர். மில் கணக்கருக்கு எந்த மரியாதை வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அது அவளுக்கும் வேண்டும். அதை உங்களிடமிருந்து அனுபவித்தால்தான் வகுப்பில் கொடுக்க அவளுக்குத் தெரியும். அவளிடமிருந்தே தொடங்குங்கள். "அன்னிக்கு ஒரேடியா எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா. இந்தத் தடவை நான் வகுப்பு எடுக்கிறேன், நீ பின்னாடி உட்கார்ந்து மாணவர்களைப் பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். உண்மையாகவே ஒரு வகுப்பு எடுங்கள். எக்செல்லில் உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறிய பாடம் போதும். யார் எங்கே தடுமாறினார்கள் என்று அவள் உங்களிடம் சொல்லட்டும். அப்புறம் ஐந்து பேரையும் இருவர் இருவராகச் சேர்த்து, வாரத்தில் ஒரு முறை ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். மிஞ்சும் ஒருவருக்கு நீங்கள் ஜோடி.

இதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். வரிசையாகப் பேட்ச் எடுத்துக் களைத்துப்போன பிள்ளைகளிடம், "ஒரு மணி நேரம் சேர்த்து இருந்துட்டுப் போங்க" என்றால் இரண்டாவது வாரமே அது சடங்காகிவிடும். அறக்கட்டளையிடம் வாதாடி, வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை வேலைநேரமாகவே எழுதி வாங்குங்கள். வேலையை விடுகிறேன் என்ற பையனைப் பிடித்து நிறுத்தவும் வேண்டாம், போ என்றும் சொல்ல வேண்டாம். எந்தப் பாடம் எடுக்க அவனுக்குப் பிடிக்கும் என்று கேட்டு, அதைக் கொடுத்துப் பாருங்கள்.

சரி, "பெரியவங்களுக்கு ஏற மாட்டேங்குது" என்பதற்கு வருவோம். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அவர்கள் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறார்கள், காரணம்தான் தப்பு. நாற்பது வயதையொட்டி, கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்து வரும். இருபத்து மூன்று வயதுக்காரருக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியவே தெரியாது. டேலியின் சின்ன எழுத்தைப் படிக்கத் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கிறவர் பாடம் புரியாமல் விழிக்கவில்லை, எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் விழிக்கிறார். விண்டோஸில் டிஸ்ப்ளே ஸ்கேலை 100லிருந்து 125, 150 என்று கூட்டி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எக்செல்லில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எழுத்து பெரிதாகும். முதல் நாளே இதைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். வகுப்பில் பாதிச் சிக்கல் இதிலேயே குறைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வேகம். புதிய விஷயத்தை உடனுக்குடன் பிடித்துக் கையாளும் வேகம் வயதோடு குறைவது உண்மை. ஆனால் சொல்வளமும், வாழ்க்கையில் சேர்த்துவைத்த அறிவும் அறுபது வரைக்கும் குறைவதில்லை, பலருக்கு வளர்கிறது. புதிய பாடத்தை அந்தச் சேமிப்போடு கோத்துவிட்டால் பெரியவர்கள் இளைஞர்களைவிட ஆழமாகப் பிடித்துக்கொள்வார்கள். கோக்காமல் விட்டால், வெறும் பொத்தான்களை மனப்பாடம் செய்யும் போட்டியில் அவர்கள் தோற்கத்தான் வேண்டும்.

உங்கள் ஊர் இதற்கு எப்பேர்ப்பட்ட இடம் டீச்சர்! பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கி (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) வைத்து நடத்திய நகரத்தார் கடைகளில் பையன்கள் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளாகி, கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தார்கள். பேரேடும் (லெட்ஜர்) ஐந்தொகையும் (பேலன்ஸ் ஷீட்) வகுப்பில் கற்றதல்ல. மேலாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிஜக் கணக்கை நிஜமாக எழுதிக் கற்றது. கணக்கு ஊறிய இந்த மண்ணில், இருபது வருஷத்துக்கு மேல் மில்லில் பேரேடு எழுதிய ஒருவரைப் பார்த்து, "டெபிட்னா என்னன்னா…" என்று ஆரம்பித்து ஆங்கிலத்தில் மூன்று விதிகளை ஒப்பிக்கச் சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும்? அவருக்குப் பற்றும் வரவும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். தெரியாதது அந்தப் பொத்தான் மட்டும்தான். முதல் நாளே பயிற்றுநர், "அண்ணே, மில்லுல நீங்க இதை எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டு, அவர் கையாலேயே போர்டில் ஒரு பக்கம் எழுத வைத்து, அதே பக்கத்தை டேலியில் போட்டுக் காட்டட்டும். அன்றைக்கு அந்த வகுப்பின் முகமே மாறிவிடும்.

பயிற்சிக் கணக்குகளையும் மாற்றச் சொல்லுங்கள். "ஏபிசி டிரேடர்ஸ் 10,000 ரூபாய்க்கு பர்னிச்சர் வாங்கியது" என்ற கணக்கில் யாருக்கும் எதுவும் இல்லை. அதற்குப் பதில் அரிசிச் சிப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிளோடு விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடையுள்ள பைக்கு இல்லை. கடைகளில் 26 கிலோ பை வந்த கதை மில்லில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 25 கிலோ பையில் 40, 26 கிலோ பையில் 60 என்று ஒரு பில் போடச் சொன்னால், வரி எங்கே வரும், எங்கே வராது என்று மில்காரர் பயிற்றுநருக்கே விளக்குவார். விளக்கட்டும். பயிற்றுநருக்கு அது கௌரவக் குறைச்சல் இல்லை என்பதை நீங்கள்தான் பக்குவமாகப் புரியவைக்க வேண்டும். ஏனென்றால் இளம் பயிற்றுநர்கள் பயப்படுவது இதற்குத்தான். வகுப்பில் தன்னைவிடத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் தன் இடம் போய்விடும் என்று நினைத்து, பாடத்தை இன்னும் வேகமாக, இன்னும் ஆங்கிலமாக நடத்துவார்கள். டேலி அவர்களுக்குத் தெரியும், கணக்கு மாணவருக்குத் தெரியும், இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

பலகாரம் போடும் பெண்களுக்கும் அப்படித்தான். எக்செல்லில் மாணவர் மதிப்பெண் பட்டியல் போடச் சொல்வது எதற்கு? செட்டிநாட்டு இனிப்பான மணகோலம் ஒரு கிலோவுக்குப் பயத்தம் மாவு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, கேஸ், பேக்கிங், ஆள் கூலி என்று போட்டு, கடைசியில் ஒரு கிலோவுக்கு அடக்க விலை தானாக வந்து நிற்கும் ஒரு தாளை முதல் வாரத்திலேயே அவர்கள் செய்து போனில் எடுத்துப் போகட்டும். எண்ணெய் விலை ஏறினால் அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் போதும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கும்போது, அடுத்த நாள் வரச்சொல்லி யாரும் கூப்பிட வேண்டியதில்லை. செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டிப் பழகினார்கள். கற்றுக்கொண்டது அன்றைக்கே வேலைக்கு உதவியது, தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று ஆனது. அப்போது தொண்டராக இருந்தவர்கள் உங்கள் பக்கத்து ஊர்களில் இன்றும் இருப்பார்கள். ஒருவரைக் கூப்பிட்டு உங்கள் பயிற்றுநர்களோடு ஒரு மாலை பேச வையுங்கள். முகாமைவிட அது பயன்படும்.

இன்னொரு மாலையில், அந்தப் பலகாரப் பெண்களில் ஒருவரை ஐந்து பயிற்றுநர்களுக்கும் ஆசிரியராக்குங்கள். பாடம் கைமுறுக்கு சுற்றுவது. இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. மாவை இரண்டு விரலுக்கு நடுவில் முறுக்கிக்கொண்டே வட்டமாகச் சுற்ற வேண்டும். முதல் தடவை யாருக்கும் வராது, பிய்ந்துவிடும். கல்லூரியில் முதல் வகுப்பில் தேறிய பிள்ளைகள் ஐந்து பேரும், கை சொன்னபடி கேட்காமல், மற்றவர் பார்க்கிறார்களே என்று கூசி நிற்பார்கள். அந்த அம்மா என்ன செய்கிறார் என்று அவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிய்ந்த மாவைத் தான் வாங்கிச் சுற்றிக் கொடுக்கிறாரா, அல்லது தன் கையில் வேறு மாவை எடுத்துக்கொண்டு, "இப்படிப் பாரு தம்பி" என்று பக்கத்தில் மெதுவாகச் சுற்றிக் காட்டுகிறாரா? நல்ல கைக்காரர்கள் இரண்டாவதைத்தான் செய்வார்கள்.

முடிந்ததும் மவுஸைப் பற்றிப் பேசுங்கள். வகுப்பில் மாணவர் தடுமாறினால் பயிற்றுநர் பின்னாலிருந்து குனிந்து, மவுஸைத் தன் கையில் வாங்கி, டக் டக்கென்று நாலு கிளிக் செய்து, "அவ்வளவுதான்கா" என்று போய்விடுவார். உதவி செய்த நினைப்பு அவருக்கு; தனக்கு வராது என்ற முடிவு அந்த அக்காவுக்கு. உங்கள் மையத்தில் நான் ஒரே ஒரு சட்டம் போடச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: மாணவரின் மவுஸையும் கீபோர்டையும் பயிற்றுநர் தொடக்கூடாது. வாயால் சொல்லலாம், விரலால் திரையைக் காட்டலாம், தன் கம்ப்யூட்டரில் செய்து காட்டலாம். முதல் வாரம் வகுப்பு ஆமை வேகத்தில் போகும். போகட்டும்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியையும் மெல்லக் கைவிடச் சொல்லுங்கள். நாற்பது வயதுக்காரர் நாலு பேர் முன்னால் புரியவில்லை என்று சொல்ல மாட்டார். "இந்த ஒரு பில்லை இப்போ போடுங்க, நான் சுத்தி வர்றேன்" என்றால் திரையே பதில் சொல்லிவிடும். கேள்வி கேட்டால் காத்திருக்கவும் பழக வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகின்றன என்று காட்டினார். அவர் பார்த்தது சிறுவர் வகுப்புகளை. பெரியவர்கள் வகுப்பில் மூன்றுகூடப் போதாது என்பது என் அனுபவம். பயிற்றுநர்களை மனசுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள்.

தாமதமாக வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. அடுப்பை இறக்கிவைத்துவிட்டு ஓடிவரும் ஓர் அக்காவை வாசலில் நிறுத்தி, "ஏன் லேட்?" என்று பையன் கேட்டால், அவர் மறுநாள் வர மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார். "வாங்கக்கா, மூணாவது கணக்குல இருக்கோம்" என்று பக்கத்து ஆளிடம் சேர்த்துவிட்டால் போதும். வராத நாட்களுக்கும் இதே மனசு வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் வர முடியாது. மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் பால்குடம் வரும். முகூர்த்த மாதங்களில் பலகார ஆர்டர் குவிந்து, சமையலறையை விட்டு நகர முடியாது. இதெல்லாம் நமக்கு முன்கூட்டியே தெரிந்ததுதானே? பாடத்தை இரண்டு வாரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் தனியாகவே ஒரு வேலைக்கு உதவுகிற மாதிரி அமைத்துவிட்டால், விட்டுப் போனவர் அடுத்த துண்டில் வந்து சேர்ந்துகொள்ள முடியும். அந்தத் துண்டுகளை வெட்டுகிற வேலையைப் பயிற்றுநர்கள் ஐந்து பேரிடமே கொடுங்கள். தங்கள் கையால் செய்த பாடத்திட்டத்தை அவர்கள் கைவிட மாட்டார்கள்.

நின்றுபோனவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பயிற்றுநருக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால், திணறுகிறவரைச் சேர்க்கவே தயங்குவார்கள்.

கடைசியாக, நின்றுபோனவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள் டீச்சர், அல்லது பக்கம் என்றால் வீட்டுக்கே போங்கள். "ஏன் வரலை?" என்று கேட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு முடியவில்லை என்றுதான் பதில் வரும். "எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நோட்டு இங்கேதான் வேண்டும். பேரை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தை ஐந்து பயிற்றுநர்களும் சேர்ந்திருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். அடுத்த பேட்ச் தையில் தொடங்குவதாக இருந்தால், பூசம் கழிந்து ஒரு வாரம் விட்டு வையுங்கள். அந்த இடைவெளியில் இந்தப் பேச்சை முடித்துவிடலாம்.